பனை விழுந்த பீமுக்குக் காபன் சுத்தினது

போன மாரிக் காத்துக்குப் பக்கத்து வளவுப் பனை முறிஞ்சு கொக்குவிலில எங்கட வீட்டுப் போர்டிக்கோ பீமில விழுந்திட்டுது, 14 அடி பீம். விழுந்த இடத்தில இருந்து ரெண்டு பக்கமும் கூரை மாதிரிச் சரிவா வெடிப்பு, அடியில கொங்கிறீட் கழண்டு கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கு. மேசன் அண்ணை இரும்புத் தகடு வைச்சு போல்ட் அடிப்பம் எண்டார், எங்கட உப்புக் காத்துக்குத் தகடு எத்தினை வருசம் தாங்கும் சொல்லுங்கோ, அதால காபன் ஃபைபர் (பசை போட்டு ஒட்டுற காபன் நார்த் துணி) சுத்துற பார்ட்டி ஒண்டைப் பிடிச்சன். பேர் வேண்டாம், கீழ குறையும் சொல்லப்போறன்.

அடியில மட்டும் ஒரு பட்டி ஒட்டினால் காணாதோ எண்டு காசைப் பாத்துக் கேட்டன், வந்த இஞ்சினியர் தம்பி விடேல்ல. மெல்ல ஏறுற பாரத்துக்கு அது சரி அண்ணை, ஆனா மேல இருந்து பொத்தெண்டு விழுறது மில்லிசெக்கன் அலுவல், பீம் ஒழுங்கா வளைய முதலே அடிபட்ட இடம் ஆப்பு மாதிரிப் பிடுங்கிக்கொண்டு கீழ இறங்கப் பாக்கும், பட்டியும் உரிஞ்சு வந்திடும், பக்கத்தாலயும் யூ மாதிரிச் சுத்தினால்தான் பிடிக்கும் எண்டார். காபன் இரும்பு மாதிரி இழுபட்டுக் குடுக்காது, போனால் படாரெண்டு போகும் எண்டதையும் ஒளிக்காமச் சொன்னது பிடிச்சிருந்தது. சுவிஸில லூசேர்ன் பக்கம் இபாக் பாலத்துக்கு 1991 இல இதைத்தான் ஒட்டினவையாம், 175 கிலோ இரும்புக்குப் பதிலா 6.2 கிலோ காபன், அங்க இருக்கிற மச்சான் சொல்ல நான் முதல் நம்பேல்ல.

வேலையில பாதிக்கு மேல கிரைண்டர்தான். துருவைச் சுரண்டி, வெடிப்புக்குள்ள எப்பொக்சிப் பசை ஏத்தி, மூலையளை அரை இஞ்சிக்கு உருட்டி (கூர்மூலையில மடிச்சால் நார் அதிலயே அறுந்திடுமாம்), பிறகு கறுப்புத் துணி மாதிரி ஒண்டை ரோலரால தேய்ச்சு ஒட்டினவை. ஒரு படங்கு கட்டேல்ல, சோத்துப் பானைக்குள்ளயும் தூசி, மனிசியிட்ட ஏச்சு முழுக்க எனக்கு.

ஒரு கிழமை கழிச்சு 5 ரூபாய்க் குத்தியால தட்டிப் பாத்தன், எல்லா இடமும் டக் டக், வடக்கு நுனியில மட்டும் பொள்ளலா டொக் எண்டுது, அதில துணி ஒட்டேல்ல எண்டு அர்த்தம், உள்ளங்கை அளவு. 2 சதுர இஞ்சிக்குள்ள எண்டால் விடலாம், இது விடுற அளவில்லை. மூண்டு தரம் கோல் எடுத்தாப்பிறகுதான் வந்து அந்த இடத்தை வெட்டி, மேல ஒரு துண்டு ஒட்டிட்டுப் போனவை. வெயிலுக்கு மேல பெயின்ற் அடிக்கவேணும், அது ரேட்டில இல்லையாம், நானே அடிச்சன்.

5 க்கு 3.5. மற்றப் பனை இன்னும் பீமைப் பாத்தபடி சரிஞ்சுதான் நிக்குது, தறிப்பமோ எண்டு கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நுங்கு தாறன் எண்டுறார்.