மத்திய அரசின் பாலின பட்ஜெட் அறிக்கை 2025-26: வரி வரியாகப் படித்துப் பார்த்ததில்

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பு ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. பட்ஜெட் உரை முடிந்ததும் நான் தேடிப் போவது, செலவின விவரத் தொகுப்பில் 13-ஆவதாக வரும் பாலின பட்ஜெட் அறிக்கையைத்தான். ஒவ்வொரு திட்டத்திலும் பெண்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தொகுத்துக் காட்டும் ஆவணம் அது. 2005-06 முதல் மத்திய அரசு இதை வெளியிட்டு வருகிறது. பட்ஜெட் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். 2025-26 அறிக்கையை அச்செடுத்து, கையில் பென்சிலோடு படித்தேன்.

அமைப்பு எளிது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ‘ஏ’ பகுதி. ஒதுக்கீட்டில் 30 முதல் 99 சதவீதம் வரை பெண்களுக்குப் போகிறவை ‘பி’ பகுதி. 30-க்குக் கீழே உள்ளவற்றுக்காக 2024-25-இல் ‘சி’ பகுதி வந்தது. இந்தச் சேர்ப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு முன் ஒரு திட்டத்தில் கால் பங்கு பெண்களுக்குப் போனாலும் அறிக்கையில் அதற்கு இடமே இல்லை.

மொத்தம் 4.49 லட்சம் கோடி ரூபாய். பட்ஜெட்டில் 8.86 சதவீதம், முந்தைய ஆண்டு 6.8. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்குக் காட்டிய அமைச்சகங்கள், துறைகளின் எண்ணிக்கையும் 38-லிருந்து 49 ஆகியிருக்கிறது. கூடிய தொகையில் புதுப் பணம் எவ்வளவு, புதிதாகக் கணக்குக் காட்டியவர்களின் பழைய பணம் எவ்வளவு? அதைப் பிரித்துப் பார்க்காமல் கைதட்ட எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும், இத்தனை துறைகள் ‘பெண்களுக்கு என்ன செய்தோம்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டிய நிலை வந்திருப்பதே நல்ல விஷயம்.

என் பெரிய குறை சதவீதங்கள் மீதுதான். ஊரக வீடு கட்டும் திட்டமான பிரதமர் ஆவாஸ் யோஜனாவின் தொகை முழுவதும் ‘ஏ’ பகுதியில் வருகிறது. அந்தத் திட்டத்தின் விதியோ, வீடு பெண் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்கலாம் என்கிறது. கூட்டுப் பட்டா எப்படி நூறு சதவீதம் பெண்ணுக்கு ஆகும்? நூறு நாள் வேலையில் நேர்மாறு. வேலை நாட்களில் பாதிக்கு மேல் பெண்கள் செய்தது என்று அரசின் புள்ளிவிவரமே பல ஆண்டுகளாகச் சொன்னது. பழைய அறிக்கைகளிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பெண்கள் கணக்கில் ஏறியது. சட்டம் சொன்ன குறைந்தபட்சத்தையே எடுத்து எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. ஓரிடத்தில் மிகை, இன்னோரிடத்தில் குறை. வெயிலில் மண் சுமந்த பெண்களின் உழைப்பு ஏட்டில் குறைவாகப் பதிவானது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

எந்தத் திட்டம் எதைச் சாதிக்க வேண்டும் என்ற இலக்கு முதலில் இருந்தால் இந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ஆஸ்திரியாவில் 2009 முதல் அரசியல் சட்டமே பட்ஜெட்டில் ஆண் பெண் சமத்துவத்தை நோக்கமாக வைக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பட்ஜெட் பிரிவுக்கும் அதிகபட்சம் ஐந்து இலக்குகள். அவற்றில் ஒன்றாவது பாலின சமத்துவம் சார்ந்ததாக இருக்க வேண்டும். நம் அறிக்கை ஒதுக்கிய பணத்தைப் பங்கு பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பணத்தால் யாருடைய நிலை எவ்வளவு மாறியது என்று இதில் தெரியாது. வரி வருவாய்ப் பக்கமும் இதில் கிடையாது.

அப்புறம் மொழி. ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கிறது. எங்கள் குழுப் பெண்கள் மாதாமாதம் கடன், வட்டி, தவணைக் கணக்கைச் சரியாகப் படிப்பவர்கள். தமிழில் கொடுத்தால் இதையும் படித்துக் கேள்வி கேட்பார்கள்.

குறைகள் இருந்தாலும் படிக்க வேண்டிய ஆவணம் இது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘பி’ பகுதியை முதலில் எடுங்கள்; மொத்தத் தொகையில் 72.75 சதவீதம் அங்கேதான் இருக்கிறது. அந்தந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை (செலவுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்கும் பட்ஜெட் ஆவணம்) பக்கத்தில் திறந்து வைத்து, திட்டத்தின் முழு ஒதுக்கீட்டில் பெண்கள் பங்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். வரும் சதவீதம் விளங்கவில்லையா? எந்த அடிப்படையில் போட்டார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி அந்த அமைச்சகத்தையே கேட்கலாம்.