கொழும்பு பம்பலப்பிட்டிப் பக்கத்து நேர்சரி, ரிசெப்ஷன்: உள்ளே எப்படி?

இங்கிலாந்தின் ஆரம்பப் பருவத் திட்டத்தில் நடக்கும் தனியார் பாடசாலை. நேர்சரிக்கு 3 வயது, அதற்கு அடுத்த வகுப்பான ரிசெப்ஷனுக்கு 4. பரீட்சை கிடையாது, ரிசெப்ஷன் முடிவில் 17 கற்றல் இலக்குகளை ரீச்சர் கவனித்துப் பதிகிறார்.

ஆங்கில எழுத்துகளின் ஒலிப் பயிற்சிதான் (phonics) இங்கே பலம். ஏ, பீ, சீ என்று போகாமல் எஸ், ஏ, ரீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) முதலில் வருகின்றன. இந்த ஆறு எழுத்திலேயே ‘பின்’ (pin), ‘ரின்’ (tin) என்று கூட்டி வாசிக்கத் தொடங்கலாம் அல்லவா! தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல்: நம் ‘ப’ ஒன்றே p, b என்ற இரண்டு ஒலிக்கும் நிற்கும். அதனால் தொண்டையில் விரல் வைத்து அதிர்வு வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை.

குறை, உதவி ரீச்சர்மாரிடம். s எழுத்தின் ஒலியை ‘ஸ்ஸ்’ என்று இழுக்காமல் ‘ஸு’ என்கிறார்கள். பிள்ளை ‘ஸு-அ-ரு’ என்று கூட்டினால் ‘ஸற்’ (sat) எப்படி வரும்?

நேர்சரியில் களிமண்ணும் உடுப்புக் கவ்வியும் விரலுக்குப் பலம் தருகின்றன. ஆனால் பெற்றோரின் நச்சரிப்புக்காகக் கோடு போட்ட கொப்பியும் கொடுக்கிறார்கள். மூன்று வயதில் பென்சிலை முஷ்டியாகப் பிடித்துப் பழகினால் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

தமிழ் வாரத்துக்கு இரண்டு பாடம்தான். பிறகு அரச பாடசாலையில் தரம் 1க்கு விட நினைப்பவர்கள் உயிர் 12, மெய் 18ஐயும் வீட்டிலேயே தொடங்க வேண்டியிருக்கும். பாடசாலையைப் பார்க்கப் போவதானால் காலை 9 மணிக்குப் போங்கள், கழிவறையையும் எட்டிப் பாருங்கள்.