0.29இல் உறைந்து நிற்கும் செயலி

சென்னைக்குப் புடவை எடுக்கப் போகவிருக்கும் மச்சாள், இலங்கை ரூபாவை இந்திய ரூபாவாகக் கணக்கிட நான் பல ஆண்டுகளாகப் பாவிக்கும் செயலியை நம்பலாமா என்று கேட்டார். ஒரு சொல்லில் பதில் தர முடியாததால் எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய நியாயம். இவ்விரு நாணயங்களுக்கும் இடையிலான வீதம் பெரும்பாலும் அமெரிக்க டொலரின் வழியாகவே கணிக்கப்படுகிறது என்பதை எனக்கு விளங்கவைத்தது இதன் வரைபடந்தான். 2022 மார்ச்சில் இலங்கை மத்திய வங்கி டொலர் வீதத்தின் மீதான தன் பிடியைத் தளர்த்திய பின், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. அதனோடு இந்திய ரூபாவும் மூன்று ரூபாவுக்குக் கீழிருந்து நாலரையைத் தாண்டியது. அந்த நாட்களில் இந்திய ரூபாவே டொலருக்கு எதிராகச் சற்று இறங்கியிருந்தது என்பதையும், ஏற்றம் போலத் தெரிந்தது நமது வீழ்ச்சியே என்பதையும், இம்மூன்று நாணயங்களுக்கும் இடையிலான மூன்று வீதக் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டிய வேறொரு செயலியை நான் காணவில்லை.

ஆனால் முகப்புத் திரையில் அது காட்டும் எண் என் பொறுமையைச் சோதிக்கிறது. ஓர் இலங்கை ரூபாவின் பெறுமதியை அது இரண்டு தசமதானங்களுக்கு மட்டும் தருகிறது, மாற்றியமைக்க வழியில்லை. இந்திய ரூபா 3.39 ஆனாலும் 3.50 ஆனாலும் திரையில் 0.29தான். 3.51ஐத் தொட்டவுடன் 0.28 ஆகிவிடும். பதினொரு சத அசைவை மறைத்துவிட்டு ஒரு சத அசைவைப் பூகம்பமாக்கும் இந்தக் கருவியை நம்பி, 3.50 வீதத்தில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 29,000 கிடைக்குமென்று ஒருவர் கணக்கிட்டால், உண்மையில் வருவது 28,571 தான். நிறங்களையும் எழுத்துருவையும் புதுப்பிக்கத் தவறாதவர்களுக்கு, இன்னும் இரண்டு இலக்கங்கள் சேர்ப்பது ஏன் இவ்வளவு பாரமாகிவிட்டதோ!

அந்த 28,571உம் கைக்கு வராது என்பது வேறு விடயம். செயலி தருவது கொள்வனவு வீதத்துக்கும் விற்பனை வீதத்துக்கும் இடைப்பட்ட நடுவீதம். கொழும்பில் வெள்ளவத்தையிலோ கோட்டையிலோ நாணயமாற்றுக் கடைப் பலகையில் இருப்பவை அவ்விரண்டு மட்டுமே. இந்திய நோட்டு வாங்கப் போகிறவர் பார்க்கவேண்டியது விற்பனை வீதம், மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்கும்போது கொள்வனவு வீதம். இதற்காகச் செயலியைக் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரரின் இலாபத்தை அது அறியாது.

வரைபடத்துக்கு ஐந்தில் ஐந்து கொடுக்கலாம். இருந்தும் மச்சாளிடம், இந்தச் செயலியைப் பதிவிறக்க வேண்டாம், கடைப் பலகையின் விற்பனை வீதத்தால் கையிலுள்ள தொகையை வகுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் மட்டும் இன்னும் அதை அழிக்கவில்லை.