மதுரையில் மாரத்தான் கோச் தேடுகிறவர்களுக்கு

ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானுக்கு கோச் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பணம் கட்டி ஏமாந்த கோச் மேல் புகார் கொடுத்திருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை.

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம் பக்கம் காலையில் ஓட வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்து ஆள் சேர்ப்பார். மூன்று மாதத்துக்கு 9,000 ரூபாய், மொத்தமும் முன்கூட்டியே. "உங்க உடம்புக்குன்னே தனியா போட்ட பிளான் தம்பி" என்பார். நான் அதுவரை தெப்பக்குளத்தை நாலைந்து சுற்று ஓடிக்கொண்டிருந்தவன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். எவ்வளவு தூரம் ஓடுவேன், முன்னால் அடிபட்டிருக்கிறதா, எதையும் அவர் கேட்கவில்லை. ஜிபேயில் பணம் போனதும் வாட்ஸ்அப்பில் அட்டவணை வந்துவிட்டது.

முதல் ஞாயிறே 19.3 கிலோமீட்டர். அடுத்த வாரம் 21.1. பிறகு 16.1, அப்புறம் 24.1. மைதானத்துக்கு ஆரம்பத்தில் ஒருமுறை வந்தார், அதுவும் போட்டோ எடுக்க. மற்றதெல்லாம் வாய்ஸ் மெசேஜ்தான்.

முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்கம் வலி ஆரம்பித்தது. சொன்னால், "வலிக்குதுன்னு நின்னா மாரத்தான் ஓட முடியுமா? ஐஸ் வைங்க" என்றார், கூடவே ஒரு புரோட்டீன் டப்பா விலையும் வந்தது. டாக்டர் எலும்பின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்து ஒரே இடத்தில் அழுத்தினார். கத்திவிட்டேன். பரவலாக வலித்தால் ஒரு கதை, இப்படி ஒரு புள்ளியில் வலித்தால் எலும்பில் விரிசலா என்று பார்த்தாக வேண்டும் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எழுதினார். விரிசல் ஆரம்பம்தான். ஓட்டம் நின்றது.

அதே கோச்சிடம் பணம் கட்டிய ஒரு அண்ணன், ஐம்பது தாண்டியவர், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், தன் அட்டவணையைக் காட்டினார். தசமம் உட்பட என்னுடையதேதான்! எந்த கோச் 24.1 என்று எழுதுவார்? மைலை 1.609ஆல் பெருக்கினால்தான் அப்படி வரும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டன் புதிதாக ஓடுகிறவர்களுக்கென்று இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கும் 18 வாரத் திட்டம் அது. அதில் முதல் வாரத்தின் நீண்ட ஓட்டம் 6 மைல்தான், அதாவது 10 கிலோமீட்டருக்குள். போட்டிக்கு 12 வாரம்தான் இருந்ததால் இவர் முதல் ஆறு வாரத்தை வெட்டிவிட்டு ஏழாவது வாரத்திலிருந்து ஒட்டியிருக்கிறார். உடம்பைப் பழக்குவதே அந்த ஆறு வாரம்தான்.

கோச்சே வேண்டாம் என்று சொல்லவில்லை. பட்டியாலா என்.ஐ.எஸ். என்கிற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காசு கொடுப்பது நாம் ஓடுவதை ஒருவர் நேரில் நின்று பார்ப்பதற்கு. தாளுக்கு என்றால் அது சும்மாவே கிடைக்கிறது. மாதாமாதம் வாங்க மாட்டேன் என்கிற கோச்சிடம் போகாதீர்கள். சர்க்கரை, பிரஷர் பற்றி வாய் திறக்காதவரிடமும்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஓடாதது உங்க பிரச்சினை" என்று பதில். நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிந்திருக்கிறேன். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. உங்களிடமும் 19.3இல் தொடங்கும் அட்டவணை இருந்தால், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டோடு சொல்லுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.