போலரைஸ்டு கண்ணாடி போட்டு மடவைக் கூட்டம் பாத்த அனுபவம்

மடவைன்னா தண்ணிய விட்டு எகிறி தொப்புன்னு விழுற மீன், பல பேருக்கு அவ்ளோதான் தெரியும். நானும் ரொம்ப வருஷமா கரையில நின்னு அந்தத் துள்ளல மட்டும்தான் பாத்துட்டு இருந்தேன், ஏன்னா பகல்ல தண்ணி மேல வெயில் பட்டு கண்ணு கூசும், முழங்கால் ஆழத்துல ஒரு கூட்டமே மேஞ்சாலும் ஒண்ணும் தெரியாது. அதுக்காகவே வாங்கினதுதான் இந்தக் கண்ணாடி, ஆறு மாசமா கழிமுகத்துக்குப் போறப்போ எல்லாம் இதத்தான் போடுறேன்.

தண்ணில பட்டுத் திரும்புற வெளிச்சம் பெரும்பாலும் கிடைமட்டமா அதிரும், லென்ஸ்ல இருக்கிற ஃபில்டர் அத தடுத்துடுது. ஆனா எல்லா கோணத்துலயும் இது ஒரே மாதிரி வேலை செய்யாது. தண்ணிப் பரப்புல இருந்து சுமார் 37 டிகிரி சாய்வா பாத்தாதான் கூச்சம் முழுசா போகுது, அதாவது கரையில நின்னா காலுக்கு ரெண்டு மீட்டர் தள்ளி பாக்கணும். நேர் கீழ குனிஞ்சு பாத்தா பெருசா பிரயோஜனம் இல்ல.

முதல் நாள் அந்த ரெண்டு மீட்டர்ல நான் பாத்தத இன்னும் மறக்க முடியல. நாப்பது அம்பது மடவை, எல்லாம் ஒரே பக்கம் தலைய வெச்சு, உதட்ட சேத்துல அழுத்தி பாசிய சுரண்டிட்டே போகுது, ஒவ்வொரு தடவையும் வேண்டாத வண்டல துப்புறப்போ சின்னதா ஒரு புகை, திடீர்னு ஒண்ணு ஒருக்களிச்சா வயித்துப் பக்கம் வெள்ளியா மின்னி விலாவுல நீளவாக்கு கோடு வரைக்கும் தெரியுது. கொஞ்சம் மணலயும் சேத்தே முழுங்கிடும், கோழிக்கு இருக்கிற மாதிரி தடிச்ச தசையான இரைப்பை இதுக்கும் உண்டு, அந்த மணலே உள்ள போய் அரைக்க உதவுது. ஆடுமாடு மேயுற மாதிரிதான் எனக்குத் தோணுச்சு.

துள்ளல் விஷயமும் இப்போதான் கொஞ்சம் பிடிபடுது. கொக்கோ பெரிய மீனோ வந்தா கூட்டமா சிதறி எகிறுது, ஆனா கீழ எந்த ஆபத்தும் இல்லாம ஒண்ணு மட்டும் தனியா துள்ளுறதையும் பல தடவை பாத்துட்டேன். ஆக்சிஜன் கம்மியான தண்ணில தொண்டைக்கு மேல உள்ள அறையில காத்தப் பிடிக்கத்தான் அப்படி துள்ளுதுன்னு ஒரு விளக்கம் இருக்கு, நான் பாத்ததுக்கு அது பொருந்துற மாதிரிதான் இருக்கு.

கரையோரமா ரெண்டு சென்டிமீட்டர் குஞ்சுங்களும் தெரிஞ்சுது. தாய் மீனுங்க கடல்ல போய் முட்டை விடும், ஒரு மீனே லட்சக்கணக்குல விடும், ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அதுல பொழைச்சு உப்பு குறைஞ்ச தண்ணி தேடி இவ்ளோ தூரம் வந்ததுங்கதான் இதுங்கன்னு நினைச்சப்போ நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

குறைன்னா, சாம்பல் நிற லென்ஸ் சாயங்காலம் ரொம்ப இருட்டு, கூட்டம் நல்லா அசையுற அந்த நேரத்துல கழட்ட வேண்டியிருக்கு. பழுப்பு லென்ஸ் எடுத்திருக்கலாம். பக்கவாட்டுல வெளிச்சம் வேற உள்ள வருது, வேர்த்தா மூக்குல வழுக்குது, அதனால கயிறு கட்டிக்கோங்க. முன்னாடி ஒரு கடையில போலரைஸ்டுன்னு சொல்லி வெறும் கருப்புக் கண்ணாடிய தலையில கட்டிட்டாங்க, அதனால வாங்குறப்போ பளபளக்கிற தரையையோ தண்ணியையோ பாத்து கண்ணாடிய 90 டிகிரி திருப்புங்க, கூச்சம் திரும்ப வந்தா அசல், எதுவுமே மாறலன்னா வெச்சுட்டு வந்துடுங்க.