ஒரு யூரோவுக்கு உண்மையில் எத்தனை ரூபாய்? ஐரோப்பியப் பயணத்தில் ஃபாரெக்ஸ் கார்டு

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் முலுண்டிலும், மகளைப் பார்க்க மூனிச்சுக்கோ மகனைப் பார்க்க ஆம்ஸ்டர்டாமுக்கோ போய்வந்த தமிழ்ப் பெற்றோர் இப்போது அடுக்குமாடிக்கு ஒருவராவது இருக்கிறார்கள். விமானச் சீட்டின் விலையை நான்கு தளங்களில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்கும் இவர்களில் பலர், பணம் மாற்றும் விஷயத்தில் மட்டும் வங்கியில் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சீட்டில் மிச்சம் பிடித்த தொகை இங்கே ஓசையில்லாமல் கரைந்துவிடுகிறது. ஆகவே, நாங்கள் எடுத்துச் சென்ற ஒரு தனியார் வங்கியின், பல நாடுகளின் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டையும், அதை எங்களுக்கு விற்ற மாட்டுங்கா நாணய மாற்றுக் கடையையும் சற்று விரிவாகவே மதிப்பிட விரும்புகிறேன்.

மதிப்பீட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: அங்கே கடைக்காரர் கையில் ஒரு யூரோ போய்ச் சேருவதற்கு இங்கே நம் கணக்கிலிருந்து மொத்தம் எத்தனை ரூபாய் போகிறது? பலகையில் எழுதியிருக்கும் விலை இந்தக் கேள்விக்கான பதில் ஆகாது. நாங்கள் போன சமயத்தில் வங்கிகளுக்கிடையேயான மாற்று விகிதம் ஏறக்குறைய 100 ரூபாயாக இருந்ததால் கணக்குப் போடுவது எளிதாக இருந்தது. வீட்டில் இருக்கும் சாதாரண டெபிட் கார்டையோ கிரெடிட் கார்டையோ வெளிநாட்டில் தேய்த்தால், பெரும்பாலான வங்கிகள் 3.5 விழுக்காடு மார்க்கப்பும் (மாற்று விகிதத்தின்மேல் வங்கி வைக்கும் கூடுதல் தொகை) அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் வாங்குகின்றன. அதாவது ஒரு யூரோவுக்கு 104 ரூபாய் 13 காசு. ஒரு விமான நிலையக் கவுண்டரில் விசாரித்தபோது 109 ரூபாய் என்றார்கள். மாட்டுங்கா கடையில் பேரம் பேசிய பிறகு எங்களுக்குக் கிடைத்தது 101 ரூபாய் 40 காசு.

இதன்மேல் ஜிஎஸ்டியைச் சேர்க்க வேண்டும். நாணய மாற்றத்தில் முழுத் தொகைக்கும் வரி கிடையாது. ஒரு லட்சம் ரூபாய் வரை தொகையில் ஒரு விழுக்காடும், அதற்கு மேல் பத்து லட்சம் வரை அரை விழுக்காடும் சேவையின் மதிப்பாகக் கொள்ளப்பட்டு, அந்த மதிப்பின்மேல்தான் 18 விழுக்காடு விதிக்கப்படுகிறது. ஆகவே 1,000 யூரோவுக்கு 1,01,400 ரூபாயும் வரியாக ஏறக்குறைய 181 ரூபாயும் ஆயின. ஒரு யூரோவின் அடக்க விலை 101 ரூபாய் 58 காசு. குடும்பமாகப் போய் 2,000 யூரோ செலவழிப்பவருக்கு, சாதாரண கார்டோடு ஒப்பிட்டால் ஐயாயிரம் ரூபாய்க்கும் மேல் மிச்சம். நான்கு பேர் பாரிஸில் நல்லதொரு மதிய உணவு சாப்பிடலாம்.

கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சிறிய கடை அது. கவுண்டரில் இருந்தவர் திருநெல்வேலிக்காரர். "ஃபோர்ட் ஏரியால என்ன ரேட் சொன்னாங்கன்னு சொல்லுங்க சார், அதைவிடக் குறைச்சே தாரேன், ஆனா ரேட்டை மட்டும் கேக்காதீங்க, எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவுன்னு கேளுங்க" என்று அவரே சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. பாஸ்போர்ட், விசா, பயணச் சீட்டு, பான் கார்டு ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுப் பணம் எதற்காக என்று அறிவிக்கும் ஏ2 படிவத்தை வரிக்கு வரி விளக்கிய பிறகே கையெழுத்து வாங்கினார். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக வாங்க விதி இடம் தராததால், வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பச் சொன்னார். அனுப்பிய அன்று மாலையே கார்டு வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

நோட்டு விஷயத்திலும் அவர் சொன்ன யோசனை பலன் தந்தது. சட்டப்படி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புள்ள வெளிநாட்டு நோட்டுகளை எடுத்துச் செல்லலாம் என்றாலும், 300 யூரோவுக்கு மேல் ரொக்கமாக வேண்டாம் என்று தடுத்தவர், அந்த முன்னூறையும் இருபதும் பத்துமாகவே கொடுத்தார். பல நாணய மாற்றுக் கடைகள் நூறு யூரோ நோட்டுகளை நம் தலையில் கட்டிவிடுவது வழக்கம்; அவற்றை அங்கே ரொட்டிக் கடையில் நீட்டினால் முகம் சுளிக்கிறார்கள். 500 யூரோ நோட்டு 2019-லிருந்து புதிதாக வெளியிடப்படுவதில்லை. செல்லும் என்றாலும் சாதாரணக் கடைகள் அதைத் தொடவே தயங்குகின்றன. யாராவது பழைய கையிருப்பிலிருந்து அந்த நோட்டைத் தந்தால் மறுத்துவிடுங்கள்.

இனி கார்டு. பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் அதன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. காபிக் கடை, அருங்காட்சியகம், மளிகைக் கடை என்று எங்கும் தொட்டவுடன் பணம் போனது. யூரோ நாடுகளில் பொதுவாக 50 யூரோ வரை பின் எண் கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் கார்டு இல்லாமல் நடமாடுவது கடினம் என்றே சொல்வேன், ஏனென்றால் ட்ராமுக்குள் ரொக்கம் வாங்குவதில்லை. பல உணவகங்களின் வாசலிலேயே கார்டு மட்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்து முழுவதும் ரயில், பஸ், ட்ராம் எல்லாவற்றிலும் 2023-லிருந்து வங்கி கார்டையே தொட்டு ஏறி, தொட்டு இறங்கலாம். ஆனால் ஒரு கார்டில் ஒருவர்தான் பயணம் செய்ய முடியும் என்பதால், கணவனும் மனைவியும் சேர்ந்து போகும்போது ஆளுக்கொரு கார்டு கட்டாயம் தேவை. ஏறத் தொட்ட அதே கார்டை இறங்கும்போதும் தொட வேண்டும். மறந்தால் கூடுதல் தொகை பிடித்துவிடுவார்கள்.

ஜெர்மனியில் நிலைமை வேறு. மூனிச்சில் பெரிய கடைகள் கார்டு வாங்கிக்கொண்டாலும், சிறிய ரொட்டிக் கடைகளிலும் சந்தைக் கடைகளிலும் ரொக்கம் மட்டும் என்ற அட்டை தொங்குவதைப் பலமுறை பார்த்தோம். சில இடங்களில் கார்டு இயந்திரம் இருக்கும். ஆனால் அது ஜெர்மானிய வங்கிகளின் உள்நாட்டு ஜிரோகார்டை மட்டுமே ஏற்கும், விசாவையும் மாஸ்டர்கார்டையும் ஏற்காது. கழிப்பறைக்கும் பொருள் வைப்புப் பெட்டிக்கும் கடையின் தள்ளுவண்டிக்கும் ஒரு யூரோ, ஐம்பது சென்ட் நாணயங்கள் வேண்டும். வயதானவர்களோடு போகும்போது, பையில் இந்தச் சில்லறை இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்துக்கொள்வது மிகவும் அவசியம்.

ரொக்கத்துக்காக ஏடிஎம்மை நாடும் இடத்தில்தான் எல்லாரும் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். எங்கள் கார்டில் ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 2 யூரோ கட்டணம். ஐம்பது யூரோவாக எடுத்தால் அது நான்கு விழுக்காடு. முந்நூறாக எடுத்தால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இது வெளிப்படையான கட்டணம் என்பதால் எனக்கு இதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் திரையில் வரும் கேள்வி பற்றியது. மூனிச் ரயில் நிலையத்துக்கு அருகில், எந்த வங்கியையும் சேராத ஓர் இயந்திரத்தில் 200 யூரோ கேட்டேன். இது இந்தியாவில் வழங்கப்பட்ட கார்டு என்று கண்டுகொண்ட இயந்திரம், 22,700 ரூபாய் என்று பெரிய எழுத்தில் காட்டி, இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா என்று பச்சைப் பொத்தானோடு கேட்டது. மாற்றமில்லாமல் யூரோவிலேயே தொடரும் வழி, கீழே மூலையில் மங்கிய நிறத்தில் இருந்தது. அன்றைய விகிதப்படி 200 யூரோவின் மதிப்பு 20,000 ரூபாய்தான். அந்தப் பச்சைப் பொத்தானின் விலை 2,700 ரூபாய்.

ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு இந்த நட்டம் இன்னும் பெரியது. கார்டில் இருப்பது யூரோ. ரூபாய் என்று ஒப்புக்கொண்டால், இயந்திரம் யூரோவை ரூபாயாக்கி வங்கிக்குக் கணக்கு அனுப்பும். கார்டில் ரூபாய் இல்லாததால், வங்கி அந்த ரூபாயை மறுபடியும் யூரோவாக்கித் தன் மார்க்கப்பையும் சேர்த்துக் கழித்துக்கொள்ளும். யூரோவை எடுக்க யூரோவையே இரண்டு முறை மாற்றுகிறோம். முன்கூட்டியே விகிதத்தைப் பூட்டிவைத்து வாங்கிய கார்டின் பயன் முழுவதும் அந்த ஒரு நொடியில் போய்விடுகிறது. விற்பனையாளர்கள் யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை. மாட்டுங்கா கடைக்காரரும் சொல்லவில்லை என்பதே அவர்மீது என் ஒரே குறை. உணவகங்களிலும் கடைகளிலும் கார்டு இயந்திரம் இதே கேள்வியைக் கேட்கும். சில சமயம் பரிமாறுபவரே நமக்கு உதவுவதாக நினைத்து ரூபாய்ப் பொத்தானை அழுத்தப் போவார். விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதிகளும் இந்தத் தேர்வைக் கார்டு வைத்திருப்பவருக்கே விட்டிருக்கின்றன. யூரோ என்று உரக்கவே சொல்லுங்கள். ரசீதில் ரூபாய்த் தொகை வந்திருந்தால், அதை ரத்து செய்து மறுபடி போடச் சொல்வதற்கு நமக்கு முழு உரிமை உண்டு.

கார்டின் உண்மையான பலவீனம் விடுதிகளில் வெளிப்பட்டது. ஒரு விடுதியில் அறைக்குள் நுழையும்போதே முன்பணமாக 150 யூரோவை முடக்கி வைத்தார்கள். கிரெடிட் கார்டாக இருந்தால் வரம்பில் ஒரு பகுதி தற்காலிகமாகக் குறையும், அவ்வளவுதான். ப்ரீபெய்டு கார்டிலோ நம் சொந்தப் பணமே முடங்கிவிடுகிறது. அறையைக் காலி செய்த அன்றே விடுவித்துவிட்டதாக விடுதி சொன்னது. வங்கியோ தன் கணக்கில் இன்னும் வரவில்லை என்றது. மும்பைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தத் தொகை கார்டில் மீண்டும் தெரிந்தது. வாடகைக் கார் நிறுவனங்களில் பலவும் ப்ரீபெய்டு கார்டை முன்பணத்துக்கு ஏற்பதே இல்லை. ஆகவே விடுதிக்கும் காருக்கும் தனியாக ஒரு கிரெடிட் கார்டைக் கையில் வைத்திருப்பது நல்லது. ஆனால் அந்தக் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் மட்டும் போட வேண்டாம், முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ரீலோடு செய்வதிலும் வங்கி ஏமாற்றமளித்தது. வார நாளில் அலுவலக நேரத்துக்குள் அனுப்பினால் சில மணி நேரத்தில் ஏறிவிடும் பணம், வெள்ளி மாலை அனுப்பினால் திங்களன்றுதான் ஏறுகிறது. பயணம் செய்பவருக்கு வார இறுதியில்தான் செலவு அதிகம் என்பதை வங்கிகள் இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

யூரோ இல்லாத நாடுகளுக்கும் ஒரு வார்த்தை. சுவிட்சர்லாந்தில் ஃபிராங்க், அதைத் தனியாகக் கார்டில் ஏற்றிக்கொண்டால் சிக்கலில்லை. யூரோவை மட்டும் ஏற்றிக்கொண்டு சூரிக்கில் தேய்த்தால் மறுபடி மார்க்கப் விழும். அங்கே பல கடைகள் யூரோ நோட்டை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் கடை வைத்ததுதான் விகிதம், மீதியும் ஃபிராங்கில்தான் வரும். செக் நாட்டின் கொருனாவும் ஹங்கேரியின் ஃபோரின்ட்டும் நம் ஊர்க் கார்டுகள் பெரும்பாலானவற்றில் ஏற்ற முடியாதவை. பிராக், புடாபெஸ்ட் என்று போகிறவர்களுக்கு மார்க்கப் வாங்காத கிரெடிட் கார்டே மேல்.

யுபிஐ இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: 2024 பிப்ரவரியில் ஐஃபல் கோபுரச் சீட்டுக்கும், அதே ஆண்டு ஜூலையில் பாரிஸின் கேலரி லஃபாயெட் பேரங்காடியிலும் யுபிஐ அறிமுகமானது. பெருமைக்குரிய தொடக்கம், ஆயினும் தெருமுனைக் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. அதைவிட முக்கியமானது நம் சிம். ரயில் சீட்டை இணையத்தில் வாங்கும்போது ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும். எனவே ரோமிங் இயங்குகிறதா என்றும், கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்றும் மும்பையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பணம் மாற்றும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரியான டிசிஎஸ் குறித்துப் பலருக்கும் அச்சம் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து, ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் ரூபாய் வரை ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றும் பயணச் செலவுக்கு டிசிஎஸ் பிடிப்பதில்லை. தொகுப்புச் சுற்றுலாவுக்கு மட்டும் கணக்கு வேறு. பிடித்தாலும், வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம்.

யூரோ நாடுகளுக்குள்ளேயே சுற்றுபவருக்கும், பிள்ளைகள் வீட்டில் தங்கிச் சில வாரங்கள் செலவழிக்கும் பெற்றோருக்கும் இத்தகைய கார்டை நான் முழு மனதோடு பரிந்துரைப்பேன். மாட்டுங்கா கடைக்கு அடுத்த முறையும் போவேன், வங்கியை மட்டும் மாற்றிக்கொள்வேன். திரும்பி வந்தபின் மிஞ்சிய பணத்தை 180 நாட்களுக்குள் ரூபாயாக மாற்றிவிட வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. கார்டில் மிஞ்சியதைத் திரும்ப மாற்றும்போது கிடைக்கும் விகிதம் வாங்கிய விகிதத்தைவிடக் குறைவு என்பதால், தேவைக்குச் சற்றுக் குறைவாக ஏற்றிக்கொண்டு போவதே சரி. நாணயங்களை இங்கே கடைகளில் எடுத்துக்கொள்வதில்லை. கடைசி நாள் காலையில் காபிக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் அவற்றையே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.