விக்கிப்பீடியாவிலிருந்து நூலகத்துக்கு: எண் வழியா, தலைப்பு வழியா?

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததை ஆங்கில விக்கிப்பீடியாவில் படிக்கும் ராமேஸ்வரத்து மாணவர், அடுத்து ஒரு புத்தகத்தைத் தேடிப் போக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்.

ஒன்று, அடிக்குறிப்பில் இருக்கும் ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு நூல் பதிப்பையும் அடையாளம் காட்டும் எண். அழுத்தினால் பல நூலகப் பட்டியல்களுக்கு இணைப்பு வரும். இன்ன புத்தகம்தான் வேண்டும் என்றால் இதுவே நேர்வழி.

இன்னொன்று, சில கட்டுரைகளின் கடைசிப் பகுதியில் வரும் நூலகப் பெட்டி, அதாவது நூலகத் தேடலுக்கான இணைப்புகள் கொண்ட சிறு கட்டம். பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகர் ஜான் மார்க் ஆக்கர்புளூம் 2013-இல் உருவாக்கியது. இது கட்டுரையின் தலைப்பை வைத்து, வாசகர் தேர்ந்தெடுத்த நூலகத்திலேயே தேடும்.

எனக்குப் பெட்டிதான் பிடிக்கிறது. ஐஎஸ்பிஎன் 1970-இல்தான் உலகத் தரமானது. பாம்பன் பாலம் திறந்த 1914-ஐ ஒட்டி வந்த நூல்களுக்கு அந்த எண்ணே கிடையாது. சிறு பதிப்பகங்களின் தமிழ் நூல்கள் பலவற்றுக்கும் அப்படியே. நம் கடலோர வரலாற்றைத் தேடுகிறவருக்கு அவைதானே முக்கியம்!

ஆனால் பெட்டி பயன்பட, நூலகத்தின் பட்டியல் இணையத்தில் தேடக் கிடைக்க வேண்டும். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அந்த வசதி இல்லையா? சரி, நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றையும் குறித்துக்கொண்டு நூலகரிடமே கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் விசாரியுங்கள்.